பத்து லிட்டர் உண்மை

மனித குலம் ஐயாயிரம் ஆண்டுகள் தேடியலைந்து, கடைசியில் பொய் சொல்லத் தெரியாத ஒரு பணத்தைக் கண்டடைந்தது. தங்கம் பொய் சொன்னது. காகிதம் பொய் சொன்னது. கணினிக்குள் குடியிருந்த எண்கள் எல்லாரையும்விட அழகாகப் பொய் சொல்லின. இந்தப் புதிய பணம் மட்டும் இயற்கையின் மீதே ஆணையிட்டு நின்றது. எந்த அரசாலும் வளைக்க முடியாத, எந்த அமைச்சராலும் அச்சடிக்க முடியாத அந்த மாபெரும் உண்மை, தூத்துக்குடி துறைமுகச் சாலையில், வலைக் கிடங்குக்கு அடுத்த கட்டடத்தில் இருந்தது.

அது ஒரு அண்டா.

எண்ணெய்க் கப்பல்கள் போகும் கடல்வழிகள் மூன்றும் ஒரே ஆண்டில் அடைபட்டு, பெரிய நாடுகளின் நோட்டுகள் எல்லாம் வேர்க்கடலை மடிக்கும் தரத்துக்கு இறங்கிய பிறகு, நிதியமைச்சர்கள் இருபத்திரண்டு பேர் குளிரான ஓர் ஊரில் கூடினார்கள். இனி உலக வியாபாரம் என்பது மின்சாரமும், மின்சாரத்தால் தண்ணீரிலிருந்து பிரிக்கும் ஹைட்ரஜனும்தான். ஆகவே பணத்துக்கும் மின்சாரமே ஆதாரமாக இருக்கட்டும் என்று முடிவாயிற்று. ஆனால் மீட்டரை நம்ப முடியாது. ஒரு யூனிட் என்று எழுதி முக்கால் யூனிட்டை விற்பது எப்படி என்று அந்த இருபத்திரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். அவரவர் நாட்டில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

"மீட்டரை ஏமாற்றலாம், தண்ணீரை ஏமாற்ற முடியாது" என்றார் ஓர் அறிஞர்.

அதுவே சட்டமானது. உலகச் சந்தையில் வாங்கிய மின்சாரத்தைக் கொண்டு தினமும் பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். முதல் நாள் எவ்வளவு மின்சாரம் செலவானதோ, அது நூறு. பிறகு ஒரு நாள் அதைவிட அதிகம் பிடித்தால், யாரோ மின்சாரத்தில் கலப்படம் செய்கிறார்கள், பணம் கெட்டுப்போகிறது, உலகெங்கும் வட்டியை ஏற்று. குறைவாகப் பிடித்தால் எல்லாம் நலம், வட்டியை இறக்கு. பணத்தின் பெயர் சட்டப்படி 'உலகத் தீர்வு அலகு'. ஜனங்கள் அதைக் 'கொதி' என்றார்கள். தூத்துக்குடியில் டீ மூன்று கொதி.

அண்டா இருந்த கூடத்தின் சுவரில் ஆளுயரப் படம் ஒன்று உண்டு. முதல் நாள் எடுத்தது. ஸ்தாபக ஆளுநர் வலது கையால் முதல் குடம் தண்ணீரை அண்டாவுக்குள் ஊற்றுகிறார். இடது கையில், மார்போடு அணைத்தபடி, வட்டமான வெள்ளிக் கேடயம். சுற்றிலும் இருபத்திரண்டு அமைச்சர்கள், பல் வலியைப் பொறுத்துக்கொள்பவர்களின் முகத்தோடு. 'ஏழைகளின் உழைப்பைக் காக்கும் கேடயம்' என்று வங்கியின் கையேடு அதற்கு விளக்கம் சொன்னது. அந்தக் கேடயமே வங்கியின் சின்னம். ஒவ்வொரு கொதி நோட்டிலும் அது இருக்கும்.

முதல் நாள் நூறு. மறுநாளே தொண்ணூற்று நாலு. ஒரே இரவில் உலக மின்சாரம் ஆறு புள்ளி கெட்டியானது எப்படி? டாக்டர் ஞானவேந்தன் அறுநூறு பக்கங்களில் பதில் எழுதினார். உலக வங்கி பிறந்த செய்தி கேட்டு மனித மனங்களில் எழுந்த நம்பிக்கைதான் காரணம். 'நம்பிக்கை விளைவு' என்று அதற்குப் பெயர் வைத்தார். பரிசு கிடைத்தது. பிறகு வங்கியின் தலைமைப் பொருளியலாளர் பதவியும் கிடைத்தது. பதினோரு ஆண்டுகள் தொண்ணூற்று நாலிலேயே நின்றது உலகம்.

அண்டா ஓர் ஊரில் தங்குவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு துறைமுகம். எட்டு மாதத்துக்கு முன் பேண்டு வாத்தியத்தோடு தூத்துக்குடி வந்து இறங்கியது. ஒரு மாதம் ஒழுங்காக இருந்தது. பிறகு ஏற ஆரம்பித்தது.

அண்டாவுக்குப் பொறுப்பு ரூபி மச்சாது. நாற்பத்து மூன்று வயது, மின் பொறியாளர், பதவிப் பெயர் 'முதுநிலைக் கொதிநிலை அலுவலர்'. தினமும் காலையில் பொத்தானை அழுத்துவார். ஆறு நிமிடத்தில் தண்ணீர் கொதிக்கும். வரும் எண்ணைப் பதினொரு மணிக்குள் உலகத்துக்கு அனுப்புவார். அண்டாவைத் திறக்க அவருக்கு உரிமை இல்லை. மூடியில் அரக்கு முத்திரை இருந்தது. தண்ணீரைத் தொடவும் உரிமை இல்லை. தொட்டியில் தண்ணீர் நிரப்புவது ஸ்டோர் பொறுப்பாளர் இசக்கியப்பனின் இலாகா. ஒருவரே எல்லாவற்றையும் தொட்டால் ஊழல் வரும் என்பதற்காக வங்கி செய்த அதிகாரப் பிரிவினை இது. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதே அதன் அழகு.

தொண்ணூற்றாறு, தொண்ணூற்றொன்பது, நூற்று மூன்று. ரூபி வயரிங்கைப் பிரித்துப் பார்த்தார். மின்மானியை மூன்று முறை சோதித்தார். எல்லாம் சரி. எண் மட்டும் ஏறியது. ஏற ஏற வட்டியும் மூன்று தடவை ஏறியது. ஏதோ ஒரு நாட்டில் அரசு கவிழ்ந்தது. இன்னொரு நாட்டில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் நின்றது. ஹைட்ரஜன் விற்கும் நாடுகள் ஒன்றையொன்று கலப்படக்காரன் என்று திட்டிக்கொண்டன. டாக்டர் ஞானவேந்தன் 'மெலிந்த மின்சாரம்' என்ற அடுத்த புத்தகத்தை வெளியிட்டார். நம்பிக்கை இழந்த சமூகங்களில் மின்சாரம் மெலியும் என்பது அதன் சாரம்.

நூற்று ஏழு வந்த அன்று மாலை, ரூபி வேலை முடிந்து மைனியின் ஐஸ் கம்பெனிக்குப் போனார். மைனி ஜெசிந்தா, ரூபியின் அண்ணன் மனைவி. அண்ணன் இறந்த பிறகு ஐந்து வருடமாகக் கம்பெனியைத் தனியாக நடத்துபவர். அறுபது விசைப்படகுகளுக்கு அங்கிருந்துதான் ஐஸ் போகும். நாற்பது பேருக்கு வேலை. புது இயந்திரத்துக்கு வாங்கிய கடன் கொதியில் இருந்தது.

"நாளைக்கு நூத்தெட்டு வந்தா நாலாவது தடவையா வட்டி ஏறும்" என்றார் மைனி. ஐஸ் கட்டியைத் தள்ளுபவர்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அதோட கேட்டப் பூட்டிருவாவளாம். பேங்க்ல இருந்து ஒருத்தன் இன்னைக்கே வந்து கேட்டுக்கு எந்த சைஸ் பூட்டு சரியா வரும்னு அளந்துட்டுப் போறான்."

"நான் என்ன மைனி செய்ய? வர்ற எண்ணத்தான அனுப்புதேன்."

"நூத்தெட்ட நூத்தேழுன்னு அனுப்பு. ஒண்ணுதான. மீன் நிறுக்கும்போது நான் விட்டுக்கொடுக்காத ஒண்ணா?"

"ஜெயில்ல போடுவாங்க மைனி."

"கம்பெனி போச்சுன்னா நான் உன் வீட்டுக்குத்தான் வருவேன். எது பரவால்லன்னு யோசிச்சுக்க."

ரூபி சிரித்தார். மைனி சிரிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்க மாட்டேங்கு" என்றார் மைனி. "எங்கயோ ஒருத்தன் கரண்டுல கள்ளம் பண்ணுதான். நீ இங்க தண்ணிய சுட வைக்க. நடுவுல நான் என்னத்தப் பண்ணேன்?"

ரூபி ஐஸ் கட்டிக்கு வழிவிட்டு நகர்ந்து நின்றார். ஓர் எண்ணை மாற்றி அனுப்ப இரண்டு நொடி போதும். யாருக்கும் தெரியாது. ஆனால் யாருக்கும் தெரியாமல் மாற்றப்பட்ட எண்களால்தானே பழைய பணமெல்லாம் செத்தது. அப்புறம் அண்டா எதற்கு?

"நாளைக்கு டாக்டர் ஞானவேந்தன் வர்றாரு மைனி. பார்வையாளர் கூடத்துக்கு யார் வேணா வரலாம். நீங்களும் வாங்க. அவர்ட்ட நேராச் சொல்லுங்க."

"அவரு என்ன, ஐஸ் வாங்கப் போறாரா?" என்றார் மைனி. ஆனால் வந்தார்.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்கு டாக்டர் ஞானவேந்தன் வந்து சேர்ந்தார். வெயிலுக்குச் சம்பந்தமில்லாத கோட்டு. கூடத்தில் இருந்த பதினொரு பேருக்கு, பதினோராயிரம் பேருக்கான குரலில் பேசினார்.

"நாகரிகங்கள் போரால் அழிவதில்லை, நண்பர்களே. ஐயத்தால் அழிகின்றன. இன்று இந்த அண்டா நூற்றெட்டைத் தொடுமானால், அது நம் அனைவரின் அகத்தில் ஏற்பட்ட வறட்சியின் அளவு."

"தண்ணிக்கும் வறட்சிதான்" என்று இசக்கியப்பன் ரூபியின் காதில் சொன்னார். "ரெண்டு நாளா கார்ப்பரேஷன் குழாய் வரல மேடம்."

டாக்டர் பத்து மணிக்கு ஓர் ஒத்திகை கேட்டார். ரூபி பொத்தானை அழுத்தினார். எல்லாரும் எண்ணைப் பார்த்தார்கள். பார்வையாளர் கூடத்தைப் பிரிக்கும் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற மைனி மட்டும் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். அண்டா கடகடவென்று அடித்துக்கொண்டது. உள்ளே யாரோ கூழாங்கல்லை உருட்டுவது போல.

நூற்று எட்டு.

"உண்மையான கொதிப்பின் எண் பதினொரு மணிக்குப் போகும்" என்றார் டாக்டர், துக்க வீட்டுக் குரலில். "ஆயினும் விதி எழுதப்பட்டுவிட்டது."

மைனி கண்ணாடியைத் தட்டினார்.

"ஏட்டி ரூபி. இந்தச் சத்தம் எவ்வளவு நாளா கேக்கு?"

"அது கொதிக்கிற சத்தம் மைனி."

"கொதிக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா? இது உப்புப் புடிச்ச சத்தம். என் கம்பெனில கண்டென்சர் உப்பு கட்டினா இப்படித்தான் கடகடக்கும், கரண்டு பில்லு எகிறும். அடில சுண்ணாம்பு மாதிரிப் படிஞ்சிருக்கும். சூடு உள்ள ஏறாது."

டாக்டர் திரும்பினார். "யார் இந்த அம்மையார்?"

"என் மைனி" என்றார் ரூபி.

"உறவினர். நலன் முரண்." டாக்டர் தன் உதவியாளரிடம் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். "அம்மா, இந்த அண்டாவில் ஊற்றப்படுவது ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் காய்ச்சி வடித்து, முத்திரையிட்டு, விமானத்தில் வரும் நீர். அதில் உப்பு இருக்க வாய்ப்பே இல்லை."

"அப்போ அந்தத் தண்ணிய இதுல ஊத்தல" என்றார் மைனி.

ரூபி மெல்லத் திரும்பி இசக்கியப்பனைப் பார்த்தார்.

"இசக்கியண்ணே, தொட்டில எந்தத் தண்ணி ஊத்துதிய?"

"போர்வெல் தண்ணி மேடம்" என்றார் இசக்கியப்பன். ஒளிக்க எதுவும் இல்லாத முகம்.

"விமானத்துல வர்ற கேன்?"

"அது டிஸ்டில்டு வாட்டர்லா. நம்ம ஆபீஸ் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துதேன். முத மாசம் அவசரத்துக்கு அண்டாலதான் ஊத்துனேன், பொறவு கேன்ல எழுதியிருக்கதப் படிச்சுட்டு மனசு கேக்கல. ஊர்ல எல்லாவனும் கடைல காசு கொடுத்து வாங்கிப் பேட்டரிக்கு ஊத்துதான், நாம கொதிக்க வச்சுச் சாக்கடைல விடுதோமேன்னு."

"போர்த் தண்ணிய ஏன் ஊத்துனீங்க?"

"கொதிக்க வச்சுக் கீழதான ஊத்தப் போறோம், மேடம். அதுக்கு எதுக்கு நல்ல தண்ணி?"

இதில் தவறு எங்கே இருக்கிறது என்று தூத்துக்குடிக்காரர்கள் யாராலும் சட்டென்று சொல்ல முடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த நற்சான்றிதழ் ஒன்றும் அவர் பக்கமே பேசியது: 'உலகிலேயே மிகச் சிறப்பாகப் பராமரிக்கப்பட்ட மின்கலங்கள்'. தலைமையகம் சென்ற மாதம் அனுப்பியது. டாக்டர் ஞானவேந்தன் கையெழுத்திட்டிருந்தார்.

டாக்டர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஏழு மாதம். மூன்று வட்டி உயர்வு. ஓர் அரசு. ஒரு புத்தகம்.

"விதிப்படி அண்டாத் தூய்மைக் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்" என்றார் கடைசியில், சாதாரண மனிதக் குரலில். "அது காலாண்டுக்கு ஒருமுறை கூடும்."

"சார்" என்றார் ரூபி. "பதினொரு மணிக்கு எண் போகலன்னா, ஒத்திகைல வந்த எண்ணே தானாப் போயிடும். நூத்தெட்டு போனா விசாரணை வரும். விசாரணைக்கு இந்தக் கேன் வரும். இசக்கியண்ணன் வருவார். உங்க புத்தகமும் வரும்."

டாக்டர் கோட்டைக் கழற்றினார். முத்திரையை உடைக்கும் அதிகாரம் அவருக்கு மட்டுமே இருந்தது. அதிகாரம் இருந்ததே தவிர பழக்கம் இல்லை; அரக்கை இசக்கியப்பன்தான் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார். மூடியைத் தூக்கினார்கள். அண்டாவின் அடியில் முறுக்கு மாவு அப்பியது போல ஒரு விரல் கனத்துக்கு வெள்ளை.

"அகத்து வறட்சி" என்றார் மைனி, கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டு. "எலுமிச்சம்பழம் இருக்கா? புளி இருந்தாலும் சரி."

துறைமுக வாசலில் ஒரு ஜூஸ் கடை இருந்தது. மைனியே ஓடிப் போய், கடையிலிருந்த எழுபது பழத்தையும் சேலைத் தலைப்பில் கட்டிக்கொண்டு வந்தார். பணம் பிறகு என்று சொல்லியிருந்தார். எந்தப் பணம் என்று கடைக்காரர் கேட்கவில்லை. கூடத்தில் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து பிழிந்தார்கள். உலகின் வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கும் மனிதர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கொட்டை விழாமல் பிழிய முயன்றார்.

"கொட்டை விழுந்தா ஒண்ணும் ஆகாது, சார். அழுத்திப் பிழிங்க" என்றார் இசக்கியப்பன். "விரல்ல ஏதும் வெட்டுக் காயம் இருந்தா எரியும், பாத்துக்கிடுங்க."

"எரிகிறது" என்றார் டாக்டர்.

சாற்றைக் கொஞ்சம் தண்ணீரோடு அண்டாவில் ஊற்றிச் சூடு காட்டினார்கள். முதலில் நுரைத்தது. பிறகு வெள்ளை, ஏடு ஏடாகப் பெயர ஆரம்பித்தது. மைனி விளக்குமாற்றுக் கட்டையில் துணியைச் சுற்றித் தேய்த்தார். வடித்தார்கள். கழுவினார்கள். பத்து ஐம்பது.

"ஆல்ப்ஸ் தண்ணீர் மிச்சம் இருக்கிறதா?" என்றார் டாக்டர் பயந்துகொண்டே.

"ரூம் நெறைய இருக்கு சார். பேட்டரி எவ்வளவு குடிச்சிரும்? பதினாறு வருசத்துக்கு வரும்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன்." இசக்கியப்பன் ஒரு கேனைத் தோளில் தூக்கி வந்து அண்டாவிலேயே நேரடியாக ஊற்றினார்.

பத்து ஐம்பத்து மூன்று. ரூபி அவசரமாகப் பொத்தானை அழுத்தினார். இந்தத் தடவை கூழாங்கல் உருளவில்லை. மெல்லிய முனகல், பிறகு ஆவி. ஆவி கூடம் முழுக்கப் பரவி, கண்ணாடியில் படிந்து, டாக்டரின் கண்ணாடியிலும் படிந்தது. மைனி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. அது ஜெபமா, கடன் கணக்கா என்று சொல்ல முடியாது.

மின்மானி நின்றது.

நூறு.

ரூபி இரண்டு முறை பார்த்தார். எதையும் கூட்டவில்லை, எதையும் குறைக்கவில்லை. அனுப்பினார். மணி பத்து ஐம்பத்தொன்பது.

"ஆதி அளவு" என்றார் டாக்டர். ஈரமாயிருந்த மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்; கண்களும் ஈரமாகத்தான் இருந்தன. "பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு, புள்ளி பிசகாமல் ஆதி அளவு."

மைனி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "ஒரு டீ கிடைக்குமா?" என்றார். உலகத்தில் அன்று ஐந்நூறு கோடிப் பேர் விட்ட பெருமூச்சில், ரூபிக்குக் கேட்டது அந்த ஒன்றுதான். அவர் மைனியின் பக்கத்தில் உட்கார்ந்து, எலுமிச்சை வாசம் அடிக்கும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். வரலாற்றுக்காக. கோட்டை மாட்டிக்கொண்டு அண்டாவின் அருகே நின்றார். கையில் ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியிருக்க வேண்டும். பக்கத்து மேசைமேல் கிடந்த அண்டா மூடியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். இசக்கியப்பன் படம் எடுத்தார்.

அன்று மாலை, மூடியைப் பொருத்தி, புது அரக்கு வைத்து, டாக்டர் தன் மோதிரத்தை அழுத்தினார்.

மறுநாள் பதினொரு மணிக்கு, ஆல்ப்ஸ் தண்ணீரில், தொண்ணூற்று நாலு வந்தது. வட்டி உயர்வுகள் மூன்றும் ரத்தாயின. பேங்க்காரர் அளவெடுத்து வாங்கி வைத்திருந்த பூட்டை என்ன செய்வதென்று தெரியாமல் மைனியிடமே பாதி விலைக்குத் தந்துவிட்டுப் போனார். நல்ல பூட்டு, டீசல் அறைக்கு ஆகும் என்றார் மைனி. டாக்டர் ஞானவேந்தன் விமான நிலையத்திலிருந்தே அறிக்கை விட்டார். ஒரே இரவில் ஆறு புள்ளி. நம்பிக்கை விளைவு, வரலாற்றில் இரண்டாம் முறையாக நிரூபணமாகியிருக்கிறது. ஏழு மாதக் குழப்பத்துக்குக் காரணம் 'உள்ளூர்க் கனிமச் சூழல்' என்று ஒரு வரி. எலுமிச்சம்பழம் பற்றி எதுவும் இல்லை.

ஒரு வாரம் கழித்துப் புதுப் படம் சட்டம் போட்டு வந்தது. பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லி உத்தரவு. இசக்கியப்பன் ஏணியில் ஏறி ஆணி அடித்தார். மாட்டினார். இறங்காமல் அங்கேயே நின்றார்.

"மேடம், டாக்டர் வச்சிருக்க மூடி மாதிரியே ஆளுநர் வச்சிருக்க கேடயத்துலயும் நடுவுல கைப்பிடி இருக்கு."

ரூபி கிட்டே போய்ப் பார்த்தார். ஆளுநர் ஊற்றுகிறார். அண்டா திறந்திருக்கிறது, போன வாரம் நூறு வந்தபோது இருந்தது போல. ரூபி கைப்பையைத் திறந்து ஒரு கொதி நோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சின்னத்தின் நடுவிலும், சிறியதாக, ஒரு கைப்பிடி இருந்தது.

முதல் நாள் மூடி போட மறந்துவிட்டார்கள்.